கிணத்துல தள்ளிவிட்டா நீச்சல் வந்துடுமா? கனடாவின் பிரெஞ்சுப் பள்ளிகள் நம்ம இங்கிலீஷ் மீடியத்துக்குச் சொல்லும் பாடம்!

"சித்தி, இந்தக் கணக்குல எது லெஃப்ட், எது ரைட்டு?"

போன மாசம் கழுகுமலைக்குப் போயிருந்தப்போ, அக்கா மகள் நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து கேட்டாள். மூணாம் வகுப்பு. மரத்தில் 12 பறவைகள் இருந்தன, 5 பறந்துவிட்டன, 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?' என்பதுதான் கணக்கு. அவள் நோட்டு ஓரத்தில் ஒரு மரம் வரைந்து, இடது பக்கக் கிளையில் எத்தனை பறவை உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மரத்துல 12 குருவி இருந்துச்சு, 5 பறந்துருச்சு. மிச்சம் எத்தன?" என்றேன்.

"7."

நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அவளுக்குக் கழித்தல் நல்லாவே தெரியும். 'லெஃப்ட்' என்றால் 'மிச்சம்' என்றும் ஓர் அர்த்தம் இருப்பதுதான் தெரியாது. ஆனால், நோட்டில் இருக்கிற சிவப்பு மைக்கு இந்த வித்தியாசம் தெரியாதே! 'கணக்கில் கவனம் தேவை' என்று எழுதியிருந்தது. டைரியில் இன்னொரு குறிப்பு: 'வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசவும்.'

அக்கா ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். காலையில் 7:30-க்கு வேன் ஏற்றிவிட்டு, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டிக்குப் பிள்ளையை அனுப்புகிறாள். "நமக்குத்தான் இங்கிலீஷ் வரல, இவளாவது பேசட்டும்னுதான் அனுப்புறேன். இப்ப வீட்டுலயும் இங்கிலீஷ்ல பேசச் சொன்னா, நான் அவகூடப் பேசாமலேதான் இருக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால், அதில் இருந்த வலி புரிந்தது.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு குட்டி இருக்கலாம். மகளோ, தம்பியோ, அண்ணன் பிள்ளையோ. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்பது நம்ம ஊரில் மட்டும் இருக்கிற கதை இல்லை. இதையே ஒரு திட்டமாகப் போட்டு, 60 வருஷமாக நடத்திக்கொண்டிருக்கும் நாடு கனடா. அங்கே இருக்கும் 'பிரெஞ்சு இமெர்ஷன்' பள்ளிகளில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் கணக்கும் அறிவியலும் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது எப்படிச் சாத்தியமாகிறது? நம்ம பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள்? பார்க்கலாம் வாங்க.

எல்லாம் பெற்றோர் தொடங்கியதுதான்!

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுபவர்கள்தான் பெரும்பான்மை. மான்ட்ரியல் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பெர்ட் என்று ஓர் ஊர். அங்கே வசித்த ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கு 1960-களில் ஒரு கவலை. பள்ளியில் வருஷக் கணக்கில் பிரெஞ்சுப் பாடம் படித்தும், பக்கத்து வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பிரெஞ்சில் பேச அவர்கள் பிள்ளைகளால் முடியவில்லை. நம்ம ஊரில் 12 வருஷம் இங்கிலீஷ் படித்துவிட்டு, இன்டர்வியூவில் வாய் திறக்க வராமல் நிற்பது போலத்தான்.

'பிரெஞ்சை ஒரு பாடமாக நடத்தாதீங்க. பாடங்களையே பிரெஞ்சில் நடத்துங்க' என்று அவர்கள் கேட்டார்கள். பள்ளி நிர்வாகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. விடாமல் அலைந்த பிறகு, 1965 செப்டம்பரில் ஒரு மழலையர் வகுப்பு தொடங்கியது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பெர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருஷா வருஷம் சோதித்து, 1972-ல் புத்தகமாகவே வெளியிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? முதல் வகுப்பில் ஆங்கில வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆங்கிலப் பாடம் ஆரம்பித்ததும் அதைச் சீக்கிரமே எட்டிப் பிடித்துவிட்டார்கள். கணக்கிலும் சறுக்கல் இல்லை. பிரெஞ்சோ, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு மேல். இன்று கனடா முழுக்க 4 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்த முறையில் படிக்கிறார்கள்.

'அப்போ இங்கிலீஷ் மீடியத்துல போட்டது சரிதானே?' என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீங்க. அந்தப் பள்ளிகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இமெர்ஷன் பள்ளியில் என்னென்ன இருக்கும்?

* எல்லாருக்கும் ஒரே தொடக்கம்: சேரும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கும் அது தெரியும். அதனால், முதல் நாள் பாடமே தெரியாதவர்களுக்காகத் தயாரானது.

* இரண்டு மொழியும் தெரிந்த டீச்சர்: தொடக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கலாம். டீச்சருக்குப் புரியும். அவர் பிரெஞ்சில் பதில் சொல்வார். 'டாய்லெட் போகணும்' என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் குழந்தை தவிக்காது.

* கண்ணால் பார்க்கும் மொழி: படம், பாட்டு, சைகை, பொம்மை எல்லாம் வகுப்பில் இருக்கும். ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன் அந்தப் பொருள் பிள்ளையின் கையில் இருக்கும்.

* படிப்படியான நேரம்: சீக்கிரம் தொடங்கும் முறையில் முதல் சில வருஷம் ஏறக்குறைய முழுக்க பிரெஞ்சு. பிறகு ஆங்கிலப் பாடம் சேர்ந்து, மேல் வகுப்புகளில் பாதிக்குப் பாதி வரும். வீட்டு மொழியும் பள்ளிக்குள் வந்தே தீரும்.

* பிரெஞ்சு தெரியாத பெற்றோருக்கான வழிகாட்டல்: பெற்றோர் வீட்டில் பிரெஞ்சில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. 'உங்க மொழியிலேயே தினமும் கதை படிச்சுக் காட்டுங்க' என்பதுதான் அவர்களுக்குத் தரப்படும் முக்கியமான அறிவுரை. 1977-ல் பெற்றோர்களே சேர்ந்து தேசிய அளவில் ஓர் அமைப்பையும் தொடங்கினார்கள்.

* தனி கவனம்: பின்தங்கும் பிள்ளைக்குச் சிறப்பாசிரியர், சிறு குழு வகுப்பு, அந்தப் பிள்ளைக்கென்றே எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம் உண்டு.

எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். சிறப்பாசிரியர் உதவி பிரெஞ்சில் போதுமான அளவு கிடைப்பதில்லை, கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளை 'ஆங்கிலப் பள்ளிக்கு மாத்திடுங்க' என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள், இது வசதியானவர்களின் திட்டமாக மாறுகிறது என்ற விமர்சனங்கள் அங்கேயும் பல வருஷமாக இருக்கின்றன. ஆதரவு குறைகிற இடத்தில் கனடாவிலும் பிள்ளைகள் திணறுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

சுரைக்குடுக்கை கட்டியாச்சா?

நம்ம ஊர்ப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் பிள்ளைகளுக்கு எப்படி நீச்சல் பழக்குவார்கள்? முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவார்கள். இடுப்பில் ஒரு கயிறு. தண்ணிக்குள் மாமாவோ சித்தப்பாவோ நிற்பார். அப்புறம்தான் 'குதி' என்பார்கள். நாலு நாள் கழித்துக் குடுக்கையைக் கழற்றினாலும் பிள்ளை மிதக்கும்.

இதுதான் இமெர்ஷன். குடுக்கையும் இல்லை, கயிறும் இல்லை, கீழே ஆளும் இல்லை, அப்படியே பிடித்துத் தள்ளிவிட்டால்? அதற்குக் கல்வியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'சப்மெர்ஷன்'. அதாவது, மூழ்கடிப்பு. இரண்டிலும் தண்ணி ஒன்றுதான். சிலர் தத்தளித்து எப்படியோ கரையேறிவிடுவார்கள். அவர்களைக் காட்டி, 'பாருங்க, தள்ளிவிட்டா நீச்சல் வந்துரும்' என்று சொல்வதுதான் நாம் செய்யும் தப்பு.

பேராசிரியர் லாம்பெர்ட் இன்னொரு வித்தியாசத்தையும் சொன்னார். செயின்ட் லாம்பெர்ட் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு கூடுதலாகச் சேர்ந்தது. அவர்களுடைய ஆங்கிலத்தை யாரும் பிடுங்கவில்லை, கேலி செய்யவில்லை. இது 'கூட்டல்' வகை இருமொழித் திறன். வீட்டு மொழியை மட்டம் தட்டி, அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பது 'கழித்தல்' வகை. தமிழில் பேசினால் அபராதம் என்று ஒரு பள்ளி சொன்னால், அது எந்த வகை என்று நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

பேசுறதுக்கு 2 வருஷம், பாடத்துக்கு 5 வருஷம்!

'என் பையன் நல்லா இங்கிலீஷ் பேசுறான், ஆனா மார்க் வர மாட்டேங்குது' என்று நிறைய பேர் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. இதற்கும் விளக்கம் உண்டு. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், மொழித் திறனை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பேச்சு மொழி. 'தண்ணி வேணும்', 'பென்சில் கொடு' என்ற அளவு. இது சுமார் 2 வருஷத்தில் வந்துவிடும். இன்னொன்று, பாட மொழி. காரணம் சொல்வது, ஒப்பிடுவது, கணக்கின் வார்த்தைகளைப் புரிந்துகொள்வது. இதற்கு 5 முதல் 7 வருஷம் வரைகூட ஆகலாம்.

கம்மின்ஸ் சொன்ன இன்னொரு விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். இரண்டு மொழிக்கும் அடியில் இருக்கும் அறிவு ஒன்றுதான். தமிழில் 'மிச்சம்' புரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு புது வார்த்தை மட்டும்தான் தேவை. புதுக் கணக்கு தேவையில்லை. தமிழிலும் புரியாமல், ஆங்கிலத்திலும் புரியாமல் போனால்தான் ஆபத்து. ஆக, 'வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசவும்' என்ற டைரிக் குறிப்பு, கட்டியிருக்கிற ஒரே சுரைக்குடுக்கையையும் அவிழ்த்துவிடச் சொல்கிறது!

ஆரம்பத்தில் சில மாசம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பதும் இயல்புதான். கேட்டுச் சேமிக்கிற காலம் அது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஜர்னலிசம் டிப்ளமோ சேர்ந்தபோது, முதல் செமஸ்டர் முழுக்க நானும் பேசவே இல்லை. எனக்கு அப்போ 20 வயசு. மூணு வயசுக் குழந்தையிடம் மூணே வாரத்தில் எதிர்பார்ப்பது நியாயமா?

புதுச்சேரிக்கு ஒரு எட்டு

கனடா ரொம்ப தூரமாகத் தெரிந்தால், புதுச்சேரிக்கு வாங்க. அங்கே இருக்கும் பிரெஞ்சுப் பள்ளி 1826-ல் தொடங்கியது. மழலையர் வகுப்பில் இருந்து பள்ளி இறுதியான 'பாக்கலோரியா' தேர்வு வரை பிரெஞ்சுப் பாடத்திட்டம்தான். பிரெஞ்சு அரசின் வெளிநாட்டுப் பள்ளிகள் வலையமைப்பில் இதுவும் ஒன்று. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அந்தக் குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்குள் பிரெஞ்சு என்று தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

பிரெஞ்சுக் கல்வி முறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிப் பாடப் பிரிவு உண்டு. அதன் பெயரே 'பள்ளிக்கூட மொழியாக பிரெஞ்சு'. கடையில் பேசும் பிரெஞ்சு வேறு, பரீட்சைத் தாளில் 'விளக்குக', 'ஒப்பிடுக' என்று கேட்கும் பிரெஞ்சு வேறு என்பதைப் புரிந்துகொண்டு, அந்தப் பாட மொழியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தனி ஆதரவுத் திட்டமும் எழுதப்படும். 'லெஃப்ட்' என்றால் மிச்சம் என்று கணக்கு ஆரம்பிக்கும் முன்பே சொல்லித் தருவதற்கு ஓர் ஆள், ஒரு பீரியட். நம்ம பள்ளிகளில் இல்லாதது அதுதான்.

கரிசல்காட்டுக்கு இது புதுசு இல்ல!

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் எத்தனை! எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் இடைசெவல் வீட்டிலும் தெலுங்குதான். அவர்தான் கரிசல் தமிழுக்கு அகராதியே தொகுத்தார். 1991-ல் சாகித்ய அகாடமி விருதும் வாங்கினார். தமிழ் வளரணும் என்பதற்காக அவர் வீட்டில் யாரும் தெலுங்கை நிறுத்தவில்லை. ஒரு மொழி உள்ளே வர, இன்னொன்று வெளியே போகத் தேவையில்லை என்பதற்கு கரிசல் மண்ணே சாட்சி.

பள்ளியில் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

தனியார் பள்ளியோ, 2012-13-க்குப் பிறகு பரவலாக வந்த அரசுப் பள்ளி ஆங்கில வழிப் பிரிவோ, அட்மிஷனுக்குப் போகும்போது ஃபீஸும் வேனும் மட்டும் விசாரிக்காமல் இதையும் கேளுங்க.

1. தொடக்க வகுப்பு டீச்சருக்குத் தமிழ் தெரியுமா? பிள்ளை தமிழில் கேட்டால் பதில் சொல்வாரா?
2. தமிழில் பேசினால் தண்டனையோ அபராதமோ உண்டா? 'உண்டு' என்றால் யோசிங்க.
3. தமிழ் வாசிக்கவும் எழுதவும் வாரத்துக்கு எத்தனை பீரியட்? ஒழுங்காக நடக்குமா?
4. கணக்கு, அறிவியல் பாடங்களின் வார்த்தைகளைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பீங்களா?
5. பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே உதவி உண்டா, இல்லை 'டியூஷன் வைங்க'தானா?
6. மதிப்பெண் குறைந்தால், அது மொழியாலா, பாடத்தாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

ஆறுக்கும் திருப்தியான பதில் சொல்லும் பள்ளி கிடைப்பது கஷ்டம்தான். ஆனால், இந்தக் கேள்விகளைக் கேட்கும் பெற்றோர் 10 பேர் இருந்தால், பள்ளி கொஞ்சமாவது யோசிக்கும். செயின்ட் லாம்பெர்ட்டில் நடந்ததும் அதுதானே!

தமிழ் மீடியத்தில் சேர்ப்பதா என்ற யோசனையில் இருக்கிறீர்களா? அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகித முன்னுரிமை ஒதுக்கீடு இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கோங்க. அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளை நிற்கிற இடத்தில் இருந்து தொடங்குவதுதான் எல்லா ஆதரவுக்கும் அடிப்படை.

வீட்டில் நீங்க செய்யக்கூடியது

* அதே பாடம், தமிழில்: மாநிலப் பாடத்திட்டப் பள்ளியா? அதே வகுப்பின் தமிழ் வழிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளைக்கு நடக்கப்போகும் பாடத்தை இன்று ராத்திரி 10 நிமிஷம் தமிழில் படித்துக் காட்டுங்க. மறுநாள் வகுப்பில் அது பழகிய பாடமாக இருக்கும்.

* போனை வேலை வாங்குங்க: 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கும். முதலில் தமிழ், அப்புறம் ஆங்கிலம். கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் பிள்ளை சத்தமாக வாசித்துப் பழகலாம்.

* ஏமாற்று வார்த்தைகள் நோட்டு: லெஃப்ட், டேபிள், பவர் மாதிரி, பாடத்தில் வேற அர்த்தம் வரும் வார்த்தைகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைங்க. வாரத்துக்கு அஞ்சு போதும்.

* 'இன்னைக்கு என்ன நடந்துச்சு?': இந்தக் கேள்விக்குத் தமிழில் விலாவாரியாகப் பதில் சொல்ல விடுங்க. வரிசையாகச் சொல்வதும் காரணம் சொல்வதும்தான் பாட மொழியின் அஸ்திவாரம்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

சுலபமாக ஒரு சோதனை. ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், பெரும்பாலும் அது மொழிப் பிரச்னை. நேரமும் ஆதரவும் கொடுத்தால் சரியாகும். தமிழிலும் வாசிக்கத் திணறல், எழுத்து மாறிப்போவது, சொன்னது புரியாமல் இருப்பது தொடர்ந்தால் தள்ளிப்போடாதீங்க. 'கற்றல் குறைபாடு' 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியர்களையோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும். ஆங்கிலம் வராததை 'மந்தம்' என்று முத்திரை குத்துவதும் தப்பு. நிஜமான சிரமத்தை 'இங்கிலீஷ் வந்தா சரியாயிடும்' என்று விட்டுவிடுவதும் தப்பு.

ஊரில் இருந்து கிளம்பும்போது, அக்கா மகளோடு சேர்ந்து ஒரு நோட்டு தயார் செய்தேன். முதல் பக்கத்தில் 'லெஃப்ட்' என்று எழுதி, இடது கை ஒன்று வரைந்தாள். பக்கத்தில் ஒரு மரம், அதில் 7 குருவி. கீழே தமிழில் 'மிச்சம்' என்று எழுதினாள்.

அக்கா அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவுதானா? இது எனக்கே தெரியும்லா" என்றாள்.

ஆமா, உங்களுக்கும் தெரியும். உங்க தமிழ்தான் அந்தச் சுரைக்குடுக்கை. நீச்சல் வரும் வரைக்கும் அதை அவிழ்த்துடாதீங்க.